வளரும் வயதில் வலுப்பயிற்சி

எடை தூக்கினால் பிள்ளைகளின் உயரம் நின்றுவிடும் என்ற அச்சம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. கை, கால் எலும்புகளின் முனைகளுக்கு அருகே வளர்ச்சித் தட்டு என்னும் குருத்தெலும்புப் பகுதி உண்டு. எலும்பு நீள்வது அங்கேதான். பாரம் அதை நசுக்கிவிடும் என்ற எண்ணமே அச்சத்துக்குக் காரணம். ஆனால், தகுதியுள்ளவரின் மேற்பார்வையில் முறையாகச் செய்யும் பயிற்சியால் வளர்ச்சி தடைப்படுவதாகச் சான்று இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2020-இல் வெளியிட்ட அறிக்கையும் இதை உறுதி செய்கிறது. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் வாரத்தில் 3 நாட்களாவது தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் செயல்களில் ஈடுபட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

சொன்னதைக் கேட்டு அதன்படி செய்யும் பக்குவம் வந்ததும் பயிற்சியைத் தொடங்கலாம்; பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது 7, 8 வயதில் வந்துவிடும். பருவமடைவதற்கு முன் தசை பெரிதாகப் பருக்காது. நரம்புகள் தசைகளைத் திறம்பட இயக்கப் பழகுவதால்தான் அப்போது வலு கூடுகிறது. ஆகவே அந்த வயதில் கை பருத்திருக்கிறதா என்று அளந்து பார்ப்பதில் பயனில்லை.

ஒவ்வொரு வகுப்பும் 5 முதல் 10 நிமிட உடல் சூடேற்றலுடன் தொடங்க வேண்டும். முதல் சில வாரங்களுக்குத் தண்டால், பஸ்கி போன்று சொந்த உடல் எடையில் செய்பவையே போதும். பஸ்கி எடுக்கும்போது குதிகால் தரையை விட்டு எழக் கூடாது; முழங்கால் பாத விரல்களின் திசையிலேயே மடங்க வேண்டும்; முதுகு வளையக் கூடாது. எழும்போது மூச்சை வெளியே விட வேண்டும், அடக்கக் கூடாது. இந்த நிலை தவறாமல் வந்த பிறகே கையில் தம்புள்ஸ் கொடுக்கலாம்.

தொடக்கத்தில் 1 அல்லது 2 செட், ஒரு செட்டுக்கு 8 முதல் 15 முறை போதுமானது. 15 முறையும் நிலை மாறாமல் செய்ய முடிந்தால் எடையை 5 முதல் 10 சதவீதம் கூட்டலாம். வாரத்துக்கு 2, 3 நாட்கள், இடையே ஒரு நாள் ஓய்வு என்ற முறை நல்லது.

காயங்கள் பெரும்பாலும் மேற்பார்வை இல்லாத இடத்தில், அவசரத்தாலும் தவறான நிலையாலும் விளையாட்டுத்தனத்தாலும் ஏற்படுகின்றன. யாரால் அதிக எடை தூக்க முடியும் என்ற போட்டியை ஆசிரியர் அனுமதிக்கக் கூடாது. மூட்டிலோ முதுகிலோ வலி வந்தால் பயிற்சியை உடனே நிறுத்த வேண்டும். இதய நோய், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், வலிப்பு ஆகியவை உள்ள பிள்ளைகள் மருத்துவரின் ஒப்புதலுக்குப் பிறகே தொடங்க வேண்டும். உடலை விரைவாக ஏற்றுவதாகச் சொல்லி விற்கப்படும் ஸ்டீராய்டு மருந்துகள் வளர்ச்சித் தட்டை முன்கூட்டியே மூடிவிடக்கூடும். அவற்றைப் பிள்ளைகள் தொடவே கூடாது.