அரிட்டாபட்டியில் ஒரு மாசிக் காலை

"தைப் பனியே தேவலை மாப்ள, இது மண்டைக்குள்ள இறங்குது!" என்று மப்ளரை இழுத்துக் கட்டினார் ஒருவர்.

2025 மாசியின் முதல் ஞாயிறு, காலை ஆறரை மணி. மதுரையிலிருந்து மேலூர் பக்கம் சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது அரிட்டாபட்டி. கண்மாய்க் கரையில் மூன்று பைக்குகளை நிறுத்திவிட்டு ஆறு நண்பர்கள் நடக்கத் தொடங்கினார்கள். மதுரையில் ஒரே பள்ளியில் படித்து, இப்போது ஐம்பதைத் தாண்டியவர்கள். ஒருவர் ஆசிரியர், ஒருவர் வங்கி ஊழியர், ஒருவர் ஆட்டோ ஓட்டுகிறார்.

அவர்களை இங்கே இழுத்து வந்தது பள்ளி வாட்ஸ்அப் குரூப். டங்ஸ்டன் சுரங்கச் செய்தி வந்த நாளிலிருந்து குரூப்பில் ஒரே பகிர்வு மழை. ஏலம் ரத்தானதும் கைதட்டும் பொம்மைகள். "சரி, நம்மள்ல எத்தனை பேருடா அந்த மலையைப் பார்த்திருக்கோம்?" என்று ஆட்டோக்காரர் கேட்டார். அரை நாள் குரூப்பில் சத்தமே இல்லை.

தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் இது. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய இரண்டு ஊர்களில் சுமார் 193 ஹெக்டேர். 2022 நவம்பரில் அரசு அறிவித்தது. இரண்டே வருடத்தில், இந்த இடத்தையும் உள்ளடக்கிய 2,015 ஹெக்டேர் பரப்பு டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனது. 2024 டிசம்பர் 9-ல் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. ஜனவரி 7-ல் ஊர் ஊராகத் திரண்ட மக்கள் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு நடந்தே வந்தார்கள். ஜனவரி 23-ல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

அறுப்பு முடிந்த வயலில் தாள் மட்டும் நின்றது. படப்பிலிருந்து புது வைக்கோல் வாசம். பனியில் ஆறு பேரின் பேன்ட்டும் முழங்கால் வரை நனைந்துவிட்டது. மலையடியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், "எங்கிட்டுப் போறீக தம்பி?" என்று கேட்டபடி கூடவே நடந்தார்.

"இந்தப் பாறையில விழுற மழை எங்கய்யா போகும்?" என்று கேட்டார் ஆசிரியர்.

"மொதல்ல சுனை. சுனை வழிஞ்சா ஓடை. ஓடை கண்மாய்க்கு வரும். இந்தக் கண்மாய் மறுகால் பாஞ்சா அடுத்த ஊர்க் கண்மாய். மலை போச்சுன்னா அம்புட்டும் போச்சு" என்றார், ஆட்டை விரட்டிக்கொண்டே.

ஏழு குன்றுகள், 72 ஏரிகள், 200 சுனைகள் என்று அரசுக் கணக்கு சொல்கிறது. படிக்கும்போது வெறும் எண்கள். பெரியவர் சொன்னதைக் கேட்ட பிறகு அவை மேலிருந்து கீழே இறங்கும் படிகளாகத் தெரிகின்றன. பருந்துக்கும் கல்வெட்டுக்கும் கிடைத்த அளவு இடம் செய்திகளில் தண்ணீருக்குக் கிடைக்கவில்லை. இங்கே ஊருக்குள் பேச்சுக் கொடுத்தால் முதலில் வருவது அதுதான்.

கல்வெட்டும் சாதாரணம் இல்லை. சமண முனிவர்கள் தங்கிய குகையின் நெற்றியில், இரண்டாயிரம் ஆண்டுகளைத் தாண்டிய தமிழி எழுத்துகள். குகையை அமைத்துக் கொடுத்தவரின் பெயர் இன்னும் அதில் இருக்கிறது. தடவிப் பார்க்கக் கை நீட்டிய வங்கிக்காரரை, ஆசிரியர் வகுப்பறைக் குரலில் அதட்டினார். இன்னொரு பக்கம் பாண்டியர் காலத்துக் குடைவரைச் சிவன் கோயில். லகுலீசர் சிற்பம் உள்ள கோயில்கள் தமிழ்நாட்டில் அபூர்வம். இது அதில் ஒன்று.

லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, போனெல்லிக் கழுகு ஆகிய மூன்றும் இந்தக் குன்றுகளில் வாழ்கின்றன. ஷாஹீன் பாறை இடுக்கில் முட்டை வைத்துக் குஞ்சு பொரிப்பது பனிக்காலத்தில்தான். மனிதச் சத்தம் கேட்டால் கூட்டை விட்டே போய்விடக்கூடும். அதனால் போன்களை சைலன்ட்டில் போட்டுவிட்டுப் பாறை நிழலில் உட்கார்ந்தார்கள். பள்ளிக்கூடத்தில்கூட இந்த ஆறு பேரும் முக்கால் மணி நேரம் சேர்ந்தாற்போல் பேசாமல் இருந்ததில்லை.

திடீரென்று மாடப்புறாக்கள் பாறையிலிருந்து சிதறிப் பறந்தன. கறுப்பாக ஒன்று வானத்திலிருந்து கல் விழுகிற வேகத்தில் இறங்கி, குன்றுக்குப் பின்னால் மறைந்தது. ஆட்டோக்காரர் போனைத் தூக்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மேலூரில் டீ குடிக்கும்போது அவர் குரூப்பில் ஒரு படம் போட்டார். நீல வானத்தில் ஒரு புள்ளி.

சென்னையிலிருக்கும் வகுப்புத் தோழர் உடனே பதில் போட்டார்: "இது காக்கா."

"நேர்ல வந்து பாருடா" என்று தட்டிவிட்டு, இன்னொரு டீ சொன்னார் ஆட்டோக்காரர்.