எழுந்த சிலையும் எழாத சிலையும்

அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் வரலாற்றில் சாதனைக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை. அந்தச் சாதனையாளரை நாடு எந்த உருவத்தில் பார்த்தது, அந்த உருவத்தை வரைந்தவர் யார் என்பதுதான் ஒன்றரை நூற்றாண்டாக நடந்துவரும் வழக்கு.

இதை முதலில் புரிந்துகொண்டவர்களில் ஒருவர் சோஜர்னர் ட்ரூத். 1790களின் இறுதியில் நியூயார்க் மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அடிமைமுறைக்கு எதிராக ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1860களில் சிறிய அட்டைகளில் ஒட்டிய புகைப்படங்கள் நாடெங்கும் விற்பனையாயின. ட்ரூத் தம்முடைய படத்தையும் அப்படி அச்சிட்டுக் கூட்டங்களில் விற்றார். அந்தப் பணம் பயணத்துக்கும் சாப்பாட்டுக்கும் உதவியது. வழக்கமாகப் படம் எடுத்தவருக்கே போகும் பதிப்புரிமையை 1864இல் தம் பெயரிலேயே பதிவு செய்துகொண்டார். படத்தில் வெள்ளைத் தொப்பி, சால்வை, மூக்குக் கண்ணாடி, கையில் பின்னல் வேலை. சாட்டையடித் தழும்புகளைக் காட்டி இரக்கம் தேடும் படங்கள் பரவியிருந்த காலத்தில் அவர் கௌரவமான மூதாட்டியாக மட்டுமே காட்சி தந்தார்.

வணிக உலகம் வேறொரு உருவத்தை விரும்பியது. 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில், கென்டக்கியில் அடிமையாகப் பிறந்த நான்சி கிரீன் என்ற பெண், 'ஆன்ட் ஜெமைமா' என்ற பெயரில் பான்கேக் சுட்டுக் காட்டினார். தலையில் துணிக்கட்டு, முகத்தில் ஓயாத சிரிப்பு. அந்தப் பெயர் மாவுப் பொட்டலங்களில் 2021 வரை நீடித்தது.

பத்திரிகை உலகமும் பின்தங்கவில்லை. மிசௌரி பத்திரிகையாளர் சங்கத்தின் தலைவர் 1895இல் எழுதிய ஒரு கடிதம், கறுப்பினப் பெண்கள் அனைவரையும் ஒழுக்கமற்றவர்கள் என்று பழித்தது. அதற்குப் பதிலடியாகப் பல நகரங்களின் மகளிர் மன்றங்கள் ஒன்றுகூடின. 1896இல் உருவான கறுப்பின மகளிர் தேசியச் சங்கத்துக்கு, ஓபர்லின் கல்லூரிப் பட்டதாரியான மேரி சர்ச் டெரல் முதல் தலைவரானார். மழலையர் பள்ளிகளும் முதியோர் இல்லங்களும் நடத்திய இந்தச் சங்கத்துக்குப் பின்னாளில் பெரிய வேலை ஒன்று வந்து சேர்ந்தது.

1923 பிப்ரவரியில், வாஷிங்டனில் 'மேமி'க்குச் சிலை வைக்க அனுமதிக்கும் மசோதாவை செனட் நிறைவேற்றியது. மேமி என்பது தென்மாநில வெள்ளையர் வீடுகளில் எஜமானரின் பிள்ளைகளை வளர்த்த அடிமைப் பெண்ணின் கற்பனை வடிவம்: பருத்த உடல், தலைத்துணி, எஜமான குடும்பத்தைத் தவிர வேறு நினைப்பே இல்லாத விசுவாசம். சிலை கேட்டவர்கள், உள்நாட்டுப் போரில் அடிமைமுறையின் பக்கம் நின்று சண்டையிட்டவர்களின் மகளிர் வாரிசுகள். விசுவாசத்துக்கு நன்றி என்றார்கள். அந்தப் பெண்களின் சொந்தப் பிள்ளைகள் சந்தையில் விலை பேசப்பட்டதைப் பற்றி அந்த நன்றியில் பேச்சே இல்லை. டெரல் பத்திரிகையில் அதைத்தான் எழுதினார். கறுப்பின மகளிர் அமைப்புகளும் கறுப்பினப் பத்திரிகைகளும் கடுமையாக எதிர்த்தன. மசோதா பிரதிநிதிகள் சபையில் முடங்கியது. சிலை எழவே இல்லை.

மேமி திரையில் உயிர் பிழைத்தாள். 'கான் வித் த விண்ட்' படத்தில் அந்த வேடத்தில் நடித்த ஹேட்டி மெக்டேனியல் 1940இல் ஆஸ்கர் வென்றார். அவ்விருது பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. விருது விழாவில் சக நடிகர்களோடு உட்கார இடமில்லை; தனி மேசை போட்டிருந்தார்கள். அடுத்த கறுப்பின நடிகைக்கு ஆஸ்கர் கிடைக்க 1991 வரை ஆனது. அவர் வூப்பி கோல்ட்பர்க்.

கண்ணில் படாமல் போனவர்களின் கதை இன்னொன்று. 1962இல் ஜான் கிளென் பூமியைச் சுற்றப் புறப்படுமுன் கணினியின் கணக்கைச் சரிபார்த்துக் கொடுத்த நாசாவின் கேத்தரின் ஜான்சனுக்கு, நாட்டின் உயரிய குடிமக்கள் விருது 97 வயதில், 2015இல்தான் கிடைத்தது. அழகிப் போட்டிகளும் தாமதமாகவே திறந்தன. மிஸ் அமெரிக்கா போட்டியில் வெள்ளையருக்கு மட்டுமே இடம் என்ற விதி ஒரு காலத்தில் எழுத்திலேயே இருந்தது. 1983இல் வனெசா வில்லியம்ஸ் முதல் கறுப்பின அழகியாக முடிசூடினார். அவருடைய பழைய நிர்வாணப் படங்களை அவர் சம்மதமில்லாமல் ஒரு பத்திரிகை வெளியிட, அடுத்த ஆண்டே முடியைத் துறக்க நேர்ந்தது. 2015இல் அதே மேடையில் அமைப்பாளர்கள் அவரிடம் மன்னிப்புக் கேட்டார்கள். மேடைக்கு வெளியிலும் தாமதம்தான்: கறுப்பினத்தவரின் சுருள்முடியும் சடைப்பின்னலும் வேலையிலும் பள்ளியிலும் பாகுபாட்டுக்குக் காரணமாகக் கூடாது என்ற சட்டம் கலிஃபோர்னியாவில் வந்தது 2019இல்.

2021இல் துணை அதிபரான கமலா ஹாரிஸின் தாய் சென்னையில் பிறந்த சியாமளா கோபாலன். அதனால் தமிழ் ஊடகங்கள் ஹாரிஸை நம்ம ஊர்ப் பெண்ணாகவே கொண்டாடின; அதுவும் வெளியிலிருந்து வரைந்த ஓர் உருவம்தான். ஆனால் அவர் படித்தது கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கிய ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில்; சேர்ந்தது 1908இல் அங்கே பிறந்த 'ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா' என்ற கறுப்பின மாணவியர் சங்கத்தில். டெரல் காலத்து மகளிர் மன்றங்களின் மரபு இத்தகைய சங்கங்களில் தொடர்கிறது. அதைச் சொல்லாமல் அவர் கதையைச் சொல்வது அரைகுறைதான்.

அந்த மரபின் பெரிய பெயர் மேரி மெக்லியோட் பெத்யூன். அடிமைகளாக இருந்தவர்களுக்கு 1875இல் சவுத் கரோலைனாவில் பிறந்தவர். 1904இல் புளோரிடாவின் டேடோனாவில் கையில் ஒன்றரை டாலரோடும் ஐந்து சிறுமிகளோடும் பள்ளி தொடங்கினார். சர்க்கரைவள்ளிக் கிழங்கில் பலகாரம் செய்து விற்றும் நிதி சேர்த்தார். இன்று அது பல்கலைக்கழகம். மேமி மசோதாவுக்கு அடுத்த ஆண்டு கறுப்பின மகளிர் தேசியச் சங்கத்தின் தலைவரானார். பின்னர் அதிபர் ரூஸ்வெல்ட்டின் ஆலோசகரானார். 1974இல் வாஷிங்டனின் லிங்கன் பூங்காவில் அவருக்குச் சிலை எழுந்தது. தலைநகரின் பொதுப் பூங்காவில் ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு எழுந்த முதல் சிலை அதுவே.

நாடாளுமன்றக் கட்டடத்தின் சிலைத் தொகுப்புக்கு ஒவ்வொரு மாநிலமும் இரண்டு சிலைகள் அனுப்பலாம். புளோரிடா 1922இல் அனுப்பியது, அடிமைமுறைக்காகப் போரிட்ட படையின் தளபதி எட்மண்ட் கர்பி ஸ்மித்தின் சிலை. 2022 ஜூலையில் அதற்குப் பதிலாகப் பெத்யூனின் வெண்பளிங்குச் சிலை வந்தது: பட்டமளிப்பு அங்கி, கையில் கறுப்பு ரோஜா. மாநிலங்கள் அளித்த சிலைகளில் கறுப்பினத்தவர் ஒருவர் இடம்பெற்றது அதுவே முதல் முறை.