எட்டாவது சொட்டில் மஞ்சள்

பவளத் தொட்டியில் நீர் பளிங்குபோல் இருக்கும். பவளத்தின் நுனி மட்டும் வெளுத்துக்கொண்டே வரும். ஏன்?

பவளம் தன் கூட்டைக் கால்சியம் கார்பனேட்டால் கட்டுகிறது. அதற்கான சரக்கு நீரிலிருந்துதான். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 410 மில்லிகிராம் கால்சியம் உண்டு, சட்டென்று தீராது. பைகார்பனேட்டின் கையிருப்பைச் சொல்லும் காரத்தன்மையோ சுமார் 7 டிகிரிதான் (dKH, வெப்பநிலை டிகிரி அல்ல). பவளம் நிறைந்த தொட்டியில் சில நாளிலேயே சரிந்துவிடும். ஆகவே முதலில் வாங்கவேண்டியது காரத்தன்மையைச் சோதிக்கும் கிட்தான் என்பேன்.

எப்படி அளக்கிறது? 5 மில்லி தொட்டிநீரில், நிறங்காட்டி கலந்த அமிலத்தைச் சொட்டுச்சொட்டாக விட்டுக் குலுக்குகிறோம். பைகார்பனேட் இருக்கும்வரை அமிலத்தை விழுங்கிவிடும், நீலம் அசையாது. அது தீர்ந்ததும் அமிலத்தன்மை ஏறி, நீலம் மஞ்சளாகும். விட்ட சொட்டுகளின் எண்ணிக்கையே விடை.

இங்கேதான் சிக்கல். சொட்டுக்கு ஒரு டிகிரி என்றால் 7.1-ம் 7.9-ம் எட்டாவது சொட்டில்தான் நிறம் மாறும். 10 மில்லி நீர் எடுங்கள். சொட்டுக்கு அரை டிகிரியாகிவிடும். புட்டியைச் சாய்த்துப் பிடித்தால் சொட்டின் அளவே மாறிப்போகும், செங்குத்தாகப் பிடியுங்கள்.

பாஸ்பேட்டை அளக்கும் கிட் வேறு கதை. லிட்டருக்கு 0.03 மில்லிகிராம் தரும் நீலத்தை, அதுவும் டியூப்லைட் வெளிச்சத்தில், வண்ண அட்டையோடு ஒப்பிட்டுச் சொல்ல என் கண்ணால் ஆகாது. அதற்கு மட்டும் ஒளி அளக்கும் மின்னணுக் கருவி வாங்கலாம்.