முழங்கை வலியும் அக்குபங்சர் ஊசியும்

டென்னிஸ் மட்டையைத் தொட்டே பார்க்காதவர்களுக்கும் 'டென்னிஸ் எல்போ' வரும். ஈரத்துணி பிழிகிறவர்கள், பண்டிகைக்குக் கை முறுக்கு சுற்றுகிறவர்கள், நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் மவுஸைப் பிடித்திருக்கும் ஹைடெக் சிட்டி பிள்ளைகள், ஸ்பானரோடு காலம் தள்ளிய என் போன்ற ரயில்வேக்காரர்கள் என்று யாரையும் அது விட்டுவைப்பதில்லை. எனக்கும் வலது முழங்கையில் வந்தது. அக்குபங்சர் செய்துகொண்டேன் என்று தெரிந்ததிலிருந்து, "மாமா, ஊசி குத்திக்கொண்டீர்களாமே, நிஜமாகவே பலன் உண்டா?" என்று சங்கத்தில் பலரும் கேட்கிறார்கள். ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல அது. ஆகவே இந்தக் கட்டுரை.

முதலில் வலி ஏன் வருகிறது என்று பார்ப்போம். மணிக்கட்டை மேல்நோக்கித் தூக்கும் தசைகள் முழங்கையின் வெளிப்புறத்தில் உள்ள எலும்பு மேட்டில் வந்து சேர்கின்றன. அவற்றை எலும்போடு கட்டி வைத்திருப்பது தசைநாண் என்னும் கயிறு. நாம் எதையாவது இறுக்கிப் பிடிக்கும்போதெல்லாம் மணிக்கட்டு மடங்கிவிடாமல் இத்தசைகள்தாம் தாங்குகின்றன. பக்கெட்டைத் தூக்கினால் கைவிரலில் வலிக்காமல் முழங்கையில் வலிப்பதற்குக் காரணம் இதுதான்.

தண்டவாளம் ஒரே பெரிய பாரத்தால் உடைவது அபூர்வம். தாங்கக்கூடிய பாரமே லட்சம் தடவை ஏறி இறங்கினால் உள்ளே நுண்ணிய விரிசல் உண்டாகும். தசைநாணும் கிட்டத்தட்ட அப்படித்தான் நைந்து போகிறது. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. தண்டவாளம் தன்னைத் தானே சரி செய்துகொள்ளாது, தசைநாண் செய்துகொள்ளும். பெரும்பாலோருக்கு இந்த வலி ஓராண்டுக்குள் தானாகவே தணிந்துவிடுகிறது. எந்த வைத்தியத்தின் பலனை எடைபோடும்போதும் இதை மறக்கக் கூடாது.

வலி தாங்காமல் பலர் நாடுவது ஸ்டீராய்டு ஊசியை. சில வாரங்களுக்கு அது அற்புதமாக வேலை செய்யும். ஆனால் ஆஸ்திரேலியாவில் 165 பேரிடம் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்டீராய்டு போட்டுக்கொண்டவர்களின் நிலை ஓராண்டு கழித்து, மருந்தில்லாத வெற்று ஊசி போட்டுக்கொண்டவர்களைவிட மோசமாக இருந்தது. அறுவை சிகிச்சை கடைசி வழி. 2004இல் இந்த வலியால் அவதிப்பட்ட சச்சின் டெண்டுல்கர் 2005 மே மாதம் லண்டனில் அதைச் செய்துகொண்டார். அதே ஆண்டு டிசம்பரில் டில்லியில் தம்முடைய 35ஆவது டெஸ்ட் சதத்தையும் அடித்தார். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டிய அவசியம் பெரும்பாலும் வருவதில்லை.

இனி அக்குபங்சருக்கு வருவோம். சீன வைத்தியமான இது இந்தியாவுக்கு வந்த கதை சுவையானது. 1938இல் ஜப்பானோடு போரிட்டுக்கொண்டிருந்த சீனாவுக்குக் காங்கிரஸ் ஐந்து டாக்டர்களை அனுப்பியது. அவர்களில் ஒருவர், நாம் மும்பை போகும் வழியில் தாண்டும் சோலாப்பூரைச் சேர்ந்த டாக்டர் துவாரகாநாத் கோட்னிஸ். 1942இல் அவர் சீன மண்ணிலேயே காலமானார். அந்தக் குழுவில் இருந்த டாக்டர் பி.கே. பாசு பின்னாளில் மீண்டும் சீனா சென்று அக்குபங்சர் கற்று, 1959இல் கல்கத்தாவில் அந்த வைத்தியத்தைத் தொடங்கினார். மேற்கு வங்கம் 1996இல் இதற்கென்று தனிச் சட்டமே இயற்றியது.

நான் சென்ற இடத்தில் ஊசியைக் கண்டதும் பாதி பயம் போய்விட்டது. மருந்து ஏற்றும் ஊசிபோல் உள்ளே துளை இல்லாத, மயிரிழை போன்ற எஃகுக் கம்பி அது. முழங்கை மடிப்பின் வெளி ஓரத்தில் ஒன்று, அதற்குச் சற்றுக் கீழே ஒன்று, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே ஒன்று, முழங்காலுக்குக் கீழே ஒன்று. குத்தும்போது எறும்பு கடித்தாற்போல. பிறகு மந்தமாக ஒரு கனம். இருபது நிமிடம் படுத்திருந்தேன்.

பழைய பழக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். 2 லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கும்போது வரும் வலிக்குத் தினமும் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண். ஊசிக்கு முன் 6. அன்று மாலை 3. மறுநாள் இரவு மறுபடி 5. ஆறு தடவை போய்வந்து இரண்டு மாதம் ஆனபோது 2. ஆனால் அந்த இரண்டு மாதமும் டாக்டர் சொன்ன உடற்பயிற்சியையும் செய்தேன். பக்கெட்டை இடது கைக்கு மாற்றினேன். மூன்று மாற்றங்களை ஒன்றாகச் செய்தால் எது குணப்படுத்தியது என்று எந்த இன்ஜினியராலும் சொல்ல முடியாது.

என் நோட்டுப் புத்தகத்தைவிட ஆய்வுகள் நம்பத்தக்கவை. 1994இல் வெளியான ஜெர்மானிய ஆய்வில் 48 பேரில் பாதிப் பேருக்கு உண்மையான ஊசியைக் காலில் குத்தினார்கள்; மீதிப் பேருக்குத் தோலைத் துளைக்காமல் பாவனை மட்டும். ஒரே ஒரு சிகிச்சைக்குப் பின் முதல் பிரிவினருக்கு வலி நிவாரணம் சராசரியாக 20 மணி நேரம் நீடித்தது. மற்றவர்களுக்கு ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. ஆனால் 2002இல் இத்தகைய நான்கு ஆய்வுகளைச் சேர்த்துப் பரிசீலித்த காக்ரேன் குழு, ஒரு நாளைத் தாண்டி நிற்கும் பலனுக்குப் போதிய சான்று இல்லை என்றது.

ஆக, ஊசி வலியைக் கொஞ்ச நேரம் தணிக்கலாம். தசைநாணைச் செப்பனிடுவது காலமும் பயிற்சியுமே. பழுதுள்ள பாதையில் ரயிலை நிறுத்திவிடாமல் வேகத்தைக் குறைத்து ஓட்டுகிறோம் அல்லவா? கைக்கும் அதுவே முறை. முன்கையை மேஜைமேல் உள்ளங்கை கீழ்நோக்கி வைத்து, அரைக் கிலோ எடையை மறு கையால் உயர்த்தி, வலிக்கும் கையால் மெள்ள இறக்குங்கள். ஊசி தரும் நிவாரணத்தை இந்தப் பயிற்சிக்குப் பயன்படுத்துங்கள். பக்கெட் தூக்க அல்ல.

போக விரும்புகிறவர்களுக்குச் சில எச்சரிக்கைகள். உங்கள் கண்ணெதிரே உறை பிரித்த புது ஊசியாக இருக்கட்டும். பழைய ஊசியால் மஞ்சள் காமாலைக் கிருமி பரவும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும், பேஸ்மேக்கர் வைத்தவர்களும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை நிறுத்தச் சொன்னால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். கை மரத்துப் போனால் கோளாறு கழுத்தெலும்பில் இருக்கலாம். நம் வயதில் மார்பு இறுக்கத்தோடு இடது கை வலித்தால் அது முழங்கைச் சமாசாரமே அல்ல. ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.