வேள்வித் தீயும் செவ்வாடைப் பெண்களும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. வேதியியல்)

தீயை வைத்து விழா எடுக்காத மக்கள் உலகில் மிகச் சிலரே எனலாம். அயர்லாந்து நாட்டுக் கில்டேர் நகரில் பிரிஜித் அம்மையின் பெயரால் எரிந்து, பின்னர் அணைந்துபோன தீயைக் கத்தோலிக்கக் கன்னியர் 1993-ல் மீண்டும் ஏற்றினர். அதே பிரிஜித்தைத் தேவியாகக் கொண்ட புதிய வழிபாட்டினர் ஆண்டுதோறும் பிப்ரவரித் தொடக்கத்தில் தீ வளர்த்தும் விளக்கேற்றியும் வசந்தத்தை வரவேற்கின்றனர். பருவத்தை ஒட்டி, பழைய தீயைப் புதிய தேவி வழிபாடு ஒன்று தன் கையில் எடுத்துக்கொள்வதை நம் நாட்டிலும் காணலாம். மேல்மருவத்தூரின் சித்ரா பௌர்ணமி வேள்வியையே சொல்கிறேன்.

எங்கள் பொதட்டூர்பேட்டைப் பக்கத்தில் தீ என்றாலே நினைவுக்கு வருவது திரௌபதி அம்மன் தீமிதிதான். பகலில் பாரதம் படித்து, இரவெல்லாம் கூத்து நடந்து, துரியோதனன் படுகளம் முடிந்த மாலையில் மக்கள் தீக்குழியில் இறங்குவர். அந்தத் திரௌபதியே துருபதனின் வேள்வித் தீயில் பிறந்தவள் அல்லவா? ஆனால் அவ்வேள்வியைச் செய்வித்தவன் அரசன், நடத்தியவர்கள் முனிவர்கள். தீயிலிருந்து பெண் தோன்றலாம். குண்டத்தின் முன் அமர்ந்து நெய் சொரியுங்கள் என்று நம் பாட்டிமாரை எவரும் அழைத்ததில்லை. அடுப்புத் தீ ஒன்றே அவர்களுடையது. தீட்டு நாள்களில் அதுவும் இல்லை.

இந்த வழக்கத்தைத்தான் மேல்மருவத்தூர் மாற்றியது. பள்ளி ஆசிரியராக இருந்த பங்காரு அடிகளார் (1941–2023) நிறுவிய ஆதிபராசக்தி சித்தர் பீடத்தில், பெண்கள் கருவறைக்குள் சென்று தம் கையாலேயே அபிஷேகம் செய்கின்றனர். மாதவிலக்கைக் காரணம் காட்டி அவர்களைத் தடுப்பதில்லை. சாதி வேற்றுமை தோன்றாமலிருக்க அனைவருக்கும் சிவப்பே உடை. 2019-ல் பத்மஸ்ரீ விருது பெற்ற அடிகளாரைப் பக்தர்கள் 'அம்மா' என்றே அழைத்தனர். பூசை பெண்கள் கைக்கு வந்தபோதும் பீடத்தின் தலைமை அவர் மறையும்வரை ஓர் ஆணிடமே இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

சித்ரா பௌர்ணமி அக்கினி நட்சத்திரத்தை ஒட்டி வருவது. ஏரிகள் வற்றி, கோடைமழைக்கு ஊர் ஏங்கியிருக்கும் காலம். அன்று சதுரம், முக்கோணம், அறுகோணம், வட்டம் என்று பல வடிவங்களில் வேள்விக் குண்டங்கள் அமைக்கின்றனர். 1008 குண்டங்கள் அமைத்த ஆண்டுகளும் உண்டு. கலசமும் விளக்கும் வைத்து, தமிழில் போற்றி சொல்லி, சமித்தும் நவதானியமும் நெய்யும் இடுகின்றனர். குண்டத்தைச் சுற்றி அமர்வோர் வேதம் ஓதப் பயின்றவர்கள் அல்லர். ஊர்தோறும் உள்ள வார வழிபாட்டு மன்றங்களிலிருந்து வரும் குடும்பப் பெண்களும் கூலிவேலை செய்வோரும் நெசவாளருமே அவர்கள்.

வேள்விப் புகையால் மழை வரும், காற்று தூய்மையாகும் என்று சிலர் அறிவியலின் பெயரால் பேசுகின்றனர். வேதியியல் படிக்கும் என்னால் இதை ஒப்புக்கொள்ள இயலவில்லை. நெய்யும் விறகும் முற்றும் எரிந்தால் கிடைப்பவை கரியமில வாயுவும் நீராவியுமே. அரைகுறையாக எரிந்தால் கரித்துகளும் கார்பன் மோனாக்சைடும் சேரும். கண் எரிவதும் இருமல் வருவதும் அதனால்தான். ஈர விறகை இட்டால் வெப்பத்தின் ஒரு பகுதி நீரை ஆவியாக்கவே செலவாகிவிடும். புகை மேலும் மிகும். இவ்வளவு பேர் கூடும் இடத்தில் விறகு உலர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது பக்திக்குக் குறைவாகாது.

மழைக்காக என்று சொல்லாமலே இவ்வேள்விக்கு மதிப்பு உண்டு என்பது என் கருத்து. என் தாயார் பள்ளி வாசலை மிதித்தவரல்லர். தறிக்குத் தார் சுற்றியே என்னைப் படிக்க வைத்தவர். மன்றத்தில் கேட்டுக் கேட்டே போற்றிகளை மனப்பாடம் செய்துகொண்டார். எங்கள் தெருப் பெண்களோடு வேனில் அரக்கோணம், காஞ்சிபுரம் வழியாக வேள்விக்குப் போனவர், முக்கோணக் குண்டம் ஒன்றின் முன் அமர்ந்து தம் கையால் நெய் ஊற்றிவிட்டு வந்தார். வந்ததும் அருள்வாக்கைப் பற்றியோ கூட்டத்தைப் பற்றியோ அவர் பேசவில்லை.

"ஏன்டி, கட்டை எரிஞ்சா சாம்பல் நிக்குது. கற்பூரம் மட்டும் ஒண்ணுமே இல்லாம பூடுதே?" என்று கேட்டார்.

மரம் மண்ணிலிருந்து சுண்ணாம்பு, பொட்டாசியம் முதலிய உப்புகளை உறிஞ்சி வைத்திருக்கிறது. அவை தீயில் எரியாமல் சாம்பலாகத் தங்குகின்றன. கற்பூரத்தில் இருப்பவையோ கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மட்டுமே. மூன்றும் காற்றோடு போய்விடுகின்றன என்றேன். அவர் தார் சுற்றும் கையை நிறுத்திக் கேட்டுவிட்டு, "அப்போ நெய்யி?" என்றார்.