உப்பிப்போன லேப்டாப் பேட்டரியை என்ன செய்வது?

2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. அடுத்த பத்தாண்டுகளுக்குள் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் கைக்கு அவை போய்ச் சேர்ந்தன. அவர்களில் பலர் இன்று வேலைக்குப் போய்விட்டார்கள். ‘பேக்கப் நிற்கவில்லை’ என்று ஒதுக்கிய மடிக்கணினி பரணிலோ பீரோவின் மேலோ கிடக்கிறது. அதற்குள் இருக்கும் லித்தியம் அயான் பேட்டரி சில நூறு முறை சார்ஜ் ஏறி இறங்கியதும் வலுவிழக்கும். ஆனால் தீப்பிடிக்கும் குணம் மட்டும் அதைவிட்டுப் போவதில்லை.

வீக்கம் சொல்லும் செய்தி

பழைய மாடல் பேட்டரிகளுக்குள் 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட உருளைச் செல்கள் நான்கோ ஆறோ இருக்கும். புதியவற்றில் இருப்பவை தட்டையான செல்கள். எதுவானாலும் உள்ளே பாசிட்டிவ், நெகடிவ் தகடுகளைப் பிரித்து வைப்பது தலைமுடியைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் படலம்தான். சுற்றிலும் எளிதில் தீப்பற்றும் திரவம். படலம் கிழிந்தால் தகடுகள் ஒன்றையொன்று தொட்டுச் சூடேறும். அந்தச் சூட்டில் உள்ளிருக்கும் ரசாயனங்கள் சிதையும், சிதையும்போது இன்னும் சூடு கிளம்பும். ஒரு செல்லில் தொடங்கியது அடுத்த செல்லுக்குத் தாவும்.

புதுப் பேட்டரிகளுக்கே இந்த ஆபத்து உண்டு. 2006 ஆகஸ்டில் டெல் நிறுவனம், சோனி தயாரித்த செல்கள் கொண்ட 41 லட்சம் லேப்டாப் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது. செல்லுக்குள் கலந்துவிட்ட நுண்ணிய உலோகத் துகள்களே காரணம் என்று தெரியவந்தது.

பழைய பேட்டரி உப்புவது உள்ளே வாயு சேர்வதால். டச்பேட் மேலெழும்பும், மூடி சரியாக மூடாது, மேசையில் வைத்தால் லேப்டாப் ஆடும். இதில் ஒன்றைக் கண்டாலும் சார்ஜரைப் பிடுங்கிவிட வேண்டும். அமுக்கிப் பார்ப்பதும், ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றுவதும் விபரீதத்தில் முடியும்.

புகையில் கலந்த நஞ்சு

தீப்புண்ணை எல்லோரும் அறிவார்கள். பேட்டரிப் புகை செய்யும் கேடு அந்த அளவுக்குத் தெரிவதில்லை. உள்ளிருக்கும் லித்தியம் உப்பில் ஃபுளோரின் உண்டு. அது சூட்டிலும் ஈரத்திலும் சிதைந்து ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்ற வாயுவாக வெளிவருகிறது. கண், தொண்டை, நுரையீரல் மூன்றையும் அரிக்கும் வாயு இது. நீரில் கரைந்தால் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமாகும். இந்த அமிலம் தோலில் பட்டால், சில சமயம் பல மணி நேரத்துக்கு வலியே தெரியாது. அதற்குள் அது ஆழமாக இறங்கி உடலின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். அளவு மிகுந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். மருத்துவமனையில் கால்சியம் குளுக்கோனேட் ஜெல் தடவுவது இதற்காகத்தான். கசிந்த பேட்டரியைத் தொட்டவர், உடனே நிறையத் தண்ணீரில் கழுவிவிட்டு, மருத்துவரிடம் ‘பேட்டரி’ என்பதையும் மறக்காமல் சொல்ல வேண்டும்.

பேட்டரியில் கோபால்ட்டும் உண்டு. அதன் தூள் தோல் ஒவ்வாமையையும் ஆஸ்துமாவையும் தரக்கூடியது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை கோபால்ட் உலோகத்தை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் வரிசையில் வைத்திருக்கிறது.

யார் தலையில் விழுகிறது?

வீட்டுக் குப்பையோடு போன பேட்டரி, குப்பையை அழுத்தும் லாரியில் நசுங்குகிறது. 2016இல் கலிஃபோர்னியாவின் சான் கார்லோஸ் நகரில் குப்பை தரம்பிரிக்கும் நிலையம் ஒன்று தீப்பிடித்தது. லித்தியம் அயான் பேட்டரியே காரணமாக இருக்கும் என்று சந்தேகிக்கப்பட்டது. நம் ஊரில் அப்படித் தீப்பிடிக்கும் நேரத்தில் பக்கத்தில் நிற்பவர் பெரும்பாலும் கையுறைகூட இல்லாத தூய்மைப் பணியாளர்தான்.

காயலான் கடைக்குப் போட்டாலும் கதை முடிவதில்லை. எடைக்கு வாங்கிய பெட்டியைச் சுத்தியலால் உடைத்துச் செல்களைப் பிரிப்பார்கள், தேறியவை மலிவு பவர் பேங்கில் மறுபடி ஏறும். உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு அறிக்கையின்படி, முறைசாராக் கழிவுத் தொழிலில் 1.29 கோடிப் பெண்கள் இருக்கிறார்கள். மின்கழிவின் நச்சு அவர்களோடு வயிற்றுப் பிள்ளையையும் தொடக்கூடும். நூறு இருநூறு ரூபாய்க்காக இந்த ஆபத்தை அவர்கள் பக்கம் தள்ளிவிடுவது நியாயமே இல்லை.

கொடுக்கும் முறை

2022இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் கடமையைத் தயாரிப்பாளர், இறக்குமதியாளர் தலையிலேயே வைத்திருக்கின்றன. புதைப்பதற்கும் எரிப்பதற்கும் தடை. ஆகவே லேப்டாப் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் முதலில் கேட்கலாம். அங்கே வழியில்லை என்றால், தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற மறுசுழற்சி நிறுவனத்தைத் தேடலாம். அங்கே செல்களின் மின்சாரத்தை வடித்து, பாதுகாப்பாக அரைத்து, செம்பையும் அலுமினியத்தையும் பிரிக்கிறார்கள். மிஞ்சும் கறுப்புத் தூளை அமிலத்தில் கரைத்தால் கோபால்ட், நிக்கல், லித்தியம் கிடைக்கின்றன. உலகின் சுரங்கக் கோபால்ட்டில் பெரும்பங்கு காங்கோவிலிருந்து வருகிறது. அங்கே சிறுவர்களும் வெறுங்கையால் தோண்டுகிறார்கள் என்பதால், மீட்கும் ஒவ்வொரு கிராமுக்கும் மதிப்பு உண்டு.

கொடுக்கும்வரை பேட்டரியின் உலோக முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில் போட வேண்டும். சாவி, சில்லறைக் காசோடு சேர்த்து வைத்தால் ஷார்ட் சர்க்யூட் ஆகும். உப்பியதை ஈரமில்லா மணல் நிரப்பிய தகர டப்பாவில் வைத்து, துணிமணி, சிலிண்டர் பக்கம் போகாமல் காற்றோட்டமான இடத்தில் வைக்கலாம். பேட்டரி லேப்டாப்பை விட்டுக் கழலாத மாடல் என்றால், நெம்பி எடுக்காமல் லேப்டாப்பையே கொடுத்துவிடுவது நல்லது. புகை கிளம்பினால் எல்லோரும் வெளியேறி 101ஐ அழைக்க வேண்டும். அணைந்த பேட்டரி சில மணி நேரம் கழித்து மறுபடி பற்றிக்கொள்வதும் உண்டு. அதனால் அதை வீட்டுக்குள் திரும்பக் கொண்டுவரக் கூடாது. சாதாரணக் கூரியரிலும் அனுப்பக் கூடாது.