கடைக் கணிப்பொறியில் பிள்ளைகள் புரோகிராம் பழகலாமா?

சென்ற ஆண்டு என் பேரன் கடைக் கணிப்பொறியில் புரோகிராம் எழுதிப் பழகினான். பழைய கோப்புகளை நீக்க அவன் எழுதியது, ஆறு மாதப் பற்று வரவையும் அழித்துவிட்டது. நாணயஸ்தர்கள் பாக்கியைத் தாமே சொன்னார்கள். சிலர் வாய் திறக்கவில்லை.

அதற்காகப் பிள்ளைகளைத் தடுக்காதீர்கள். 1991-இல் வெளிவந்த பைத்தான் மொழி இலவசம். அதை அதன் சொந்த இணையதளத்திலிருந்தே இறக்குங்கள். விண்டோஸில் நிறுவும்போது, 'பாத்'தில் சேர்க்கும் கட்டம் வந்தால் மறவாமல் டிக் செய்யுங்கள். இல்லாவிடில் கட்டளைத் திரையில் அழைத்தால் வராமல் போகலாம். எழுதிப் பார்க்க 'ஐடில்' கூடவே கிடைக்கும்.

ஆனால், பழகுவதற்குப் பழைய கணிப்பொறி ஒன்றை ஒதுக்குங்கள். இயலாவிடில், முதலில் கணக்கைப் பென் டிரைவில் நகலெடுத்து, திறந்து சரிபார்த்து, கழற்றிப் பெட்டியில் பூட்டுங்கள். பிறகு நிறுவுங்கள்.